அட்டை இல்லாத இசைத்தட்டுகள்

ஜூன் 4

அன்பு வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, காது அது பாட்டுக்கு இரைகிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருந்தால் சரி. நீ போன் பண்ணினாயாம், மாடி வீட்டு டியூஷன் சார் வந்து சொன்னார். போனில் எனக்கு மனுஷக் குரல் கொசுக் குரலாகத்தான் கேட்கிறது, எழுது எழுது என்று எத்தனை தடவை சொல்வது? ஆஸ்பத்திரியில் ஊரார் காதையெல்லாம் பரிசோதிக்கிற உத்தியோகம் உனக்கு. அண்ணி காதை மட்டும் மறந்துவிடுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் போன பிறகு பிரேம் கடையைத் திறக்க எனக்கு மனசே வரவில்லை. இப்போது ஒரு தையல்காரர் வாடகைக்குக் கேட்கிறார். வீட்டின் முன்பக்கம் சும்மா பூட்டிக் கிடப்பானேன் என்று போன வாரம் சாவியை எடுத்தேன். உடைந்த சட்டங்கள், கண்ணாடித் துண்டுகள், பசை காய்ந்த டப்பாக்கள் எல்லாம் இருந்தன. கண்ணாடி அறுக்கிற மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய இசைத்தட்டுகள். ஒன்றுக்கும் அட்டை உறை இல்லை. பக்கத்தில் கொஞ்சம் கேசட்டுகள். ரெக்கார்டு பிளேயரும் டேப் ரெக்கார்டரும் பழைய வேட்டியால் மூடி, தூசி படாமல் இருந்தன.

தட்டுகளைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓட்டல் முதலாளி சுவரில் மாட்ட வேண்டும் என்று இசைத்தட்டு அட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். கித்தார் படம், சிவப்புப் பாவாடைக்காரி படம், வாயைப் பிளந்துகொண்டு ஒரு கிழவர் படம். "அட்டைக்கு மட்டும் சட்டம் போடுங்க, தட்டு எனக்கு வேணாம்" என்றார். தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னேன். உன் அண்ணனும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் பார்.

ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். முதலில் கித்தார், மழைத்தூறல் மாதிரி. சரி, நல்லாத்தானே இருக்கிறது என்று நாற்காலியை இழுத்து உட்காரப் போனேன். அப்போது ஒரு ஆள் அலறினான் பாரு வாலு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! கையில் இருந்த டீ புடவையில் கொட்டிவிட்டது. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, "ஆஆய்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். காலில் கல்லைப் போட்டுக்கொண்டவன் கத்துவானே, அப்படி. அது நீண்டு, வளைந்து, உடைந்து, மறுபடி எழும்புகிறது. சுற்றி நின்று நாலு பேர் கை தட்டுகிறார்கள், "ஓலே" என்று உசுப்பேற்றுகிறார்கள். ஒருத்தனுக்குத் தொண்டை கிழிகிறது, மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்!

உன் அண்ணனா இதைக் கேட்டார்? குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறவர். டிவியில் செய்தி வாசிக்கிறவரை ஊமையாக்கி வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நம் வீட்டில் ரேடியோ என்று ஒன்று இருந்ததே காக்காய் உட்காரத்தான். அந்த மனுஷர் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு இப்படி ஒரு ஓலத்தைக் கேட்டிருக்கிறார் என்றால், நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

ஒரு கேசட்டை இதோடு அனுப்புகிறேன். அட்டையும் இல்லை, தட்டு நடுவில் ஒட்டிய சீட்டும் தேய்ந்துபோனதால் பாடுகிறவர்கள் பெயர் அவருக்குத் தெரியவில்லை போல. தட்டிலிருந்து கேசட்டில் பிடித்து, தானே பெயர் வைத்து எழுதி ஒட்டியிருக்கிறார். இந்த ஆள் பெயர் 'விறகு வெட்டி'. கேட்டுவிட்டு எழுது. புடவைக் கறை போகவில்லை.

உன் அண்ணி

*

ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கேசட்டைக் கேட்டுவிட்டுச் சிரிப்பு நின்றுபோனது.

வீட்டு டேப் ரெக்கார்டர் கெட்டுப்போய்க் கிடக்கிறது. அதனால் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற அறையில் போட்டேன். சத்தமே புகாத அறை, சுவரெல்லாம் பஞ்சு, தடிக் கண்ணாடி ஜன்னல். விறகு வெட்டி வாயைத் திறந்தபோது கதவு சரியாகச் சாத்தவில்லை. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த தொண்டை டாக்டர் ஓடி வந்துவிட்டார். "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்கிறார். பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "இந்தத் தொண்டையை உடனே அட்மிட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து, கேசட்டின் அந்தப் பக்கம் முடியும் வரை கதவில் சாய்ந்து நின்றார்.

என்னிடம் காது இரைச்சலுக்கு வரும் கித்தார் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போட்டுக் காட்டினேன். மனுஷர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "எங்கே கிடைச்சுது இது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபிளமெங்கோவாம் அண்ணி. ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதிப் பாட்டு. ஏழை பாழைகள், ஜிப்ஸிகள் பாடிப் பாடி வளர்ந்ததாம். உங்களை டீ கொட்ட வைத்த அந்த 'ஆய்' இருக்கிறதே, பாட்டுக்கு முன்னால் பாடகர் தன் தொண்டையைப் பதம் பார்க்கிற இடமாம். கை தட்டுகிறவர்களும் "ஓலே" போடுகிறவர்களும் பாட்டில் சேர்த்தியாம். "நல்லா இருக்கு, இன்னும் போ" என்று தள்ளி விடுகிறார்கள். யாரும் தள்ளாவிட்டால் பாடுகிறவருக்குப் பாட்டு எழும்பாதாம்.

இன்னொன்றும் சொன்னார். கித்தாரைக் கவனியுங்கள். பாடகர் மூச்சுவிடும்போதுதான் அது பேசும். அவர் ஆரம்பித்தால் ஒதுங்கிக்கொள்ளும். எவ்வளவு நேரம் இழுத்தாலும் காத்திருக்கும். கெட்டிக்கார வாசிப்பு அதுதானாம். சில பாட்டுகளுக்குக் கித்தாரே கிடையாதாம், இரும்படிக்கிறவர்கள் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் பாடியவை.

அண்ணனை நினைத்தால் எனக்கும் ஆச்சரியம்தான். சின்ன வயதில் நான் சைக்கிள் மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வார்.

காது என்றதும் ஞாபகம். இங்கே வந்து ஒரு தடவை அந்த அறையில் உட்காருங்கள் என்று நானும் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துவிட்டேன். காது மெஷின் வைத்தால் மாட்டுக் கழுத்து மணி மாதிரி இருக்கும் என்கிறீர்கள். இப்போது வருவதெல்லாம் கடுகளவுதான். யோசியுங்கள்.

உங்கள் வாலு

*

ஜூன் 22

அன்பு வாலுவுக்கு,

தையல்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். காலையில் வேலை முடிந்ததும் கடைக்குள் போய் உட்கார்ந்தால் மத்தியானம் பசிக்கும்போதுதான் எழுந்திருக்கிறேன்.

எனக்கு மற்றவர்கள் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று உனக்குத் தெரியும். எலி கொறித்த துணி மாதிரி பாதி வார்த்தை இருக்கும், பாதி இருக்காது. நான் ஊகித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கே தலைவலி வந்துவிடும். இந்தப் பாட்டில் அந்தப் பாடு இல்லை. எனக்குத்தான் இவர்கள் பாஷையே தெரியாதே! எல்லோருக்கும் புரியாத வார்த்தை எனக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். முதல் தடவையாக ஊராரோடு நான் சரிசமமாக உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்கிறேன். மெல்லிசாக இழைந்து பாடுகிற குரலெல்லாம் போர்வைக்கு அடியில் பாடுகிற மாதிரி இருக்கும் எனக்கு. இந்தக் கரகரக் குரல் போர்வையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஸ்பீக்கர் மேல் கையை வைத்தால் உள்ளங்கையிலும் பாடுகிறது.

உன் அண்ணன் வைத்த பெயர்களைக் கேள். பல்வலி மாமா. கோபக்காரக் கிழவி. கடன் கேட்க வந்தவர். இந்தக் கடைசி ஆள் குழைந்து குழைந்து ஆரம்பித்து, போகப் போக அதட்டுவார். வீட்டில் ஒரு நகைச்சுவை சொன்னதில்லை அந்த மனுஷர். இவ்வளவு குறும்பையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அப்படியே மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கித்தார் காத்திருப்பதை நீ சொன்ன பிறகு கவனித்தேன். உண்மைதான். கோபக்காரக் கிழவி நடுவில் நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். கித்தார் எழுந்திருக்கவில்லை. ஒரே தந்தியை மெல்லத் தட்டிக்கொண்டு, "உனக்கு எப்ப தோணுதோ அப்ப வா" என்கிற மாதிரி இருந்தது. அவளும் வந்தாள். நானும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கை தட்டல் இருக்கிறதே, அது நான் வேலை பார்த்த மில்லின் தறி ஷெட்டை ஞாபகப்படுத்துகிறது. பல் உடைந்த தறி ஒன்று இருந்தது, எதிர்பாராத இடத்தில்தான் ஓங்கி அடிக்கும். புதுசாக வந்தவர்களுக்குக் கால் தடுமாறும், பழகினவர்களுக்கு அதுதான் சுகம். அந்த ஷெட்டில் நாங்கள் எல்லோரும் பாடுவோம் தெரியுமா? தொண்டை கிழியப் பாடுவோம். பக்கத்தில் நிற்பவளுக்குக் கூடக் கேட்காது, அதனால் வெட்கமே கிடையாது. வார்த்தையும் கிடையாது, தறி போகிற போக்கில் ஒரு இழுவை. சங்கு ஊதியதும் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக வெளியே வருவோம். ஷெட்டுக்கு வெளியே நான் ஒரு நாளும் பாடியதில்லை. என் குரலுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

நேற்று டியூஷன் சார் பதறிக்கொண்டு கீழே வந்தார். யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்தாராம். கேசட்டைக் காட்டினேன். "ஓ, இன்னிக்கு நீங்க இல்லியா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிவிட்டார். எதில் நான் இல்லை என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம். படித்தவர், ஏதோ யோசனையில் இருந்திருப்பார்.

இன்னும் ஒரு கேசட் மிச்சம் இருக்கிறது. அது தனியாக ஒரு துணிப்பையில் இருந்தது. பெயர் 'மகாராணி'. நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். காது மெஷின் பேச்சை எடுக்காதே.

உன் அண்ணி

*

ஜூன் 25

வாலு,

மகாராணியைக் கேட்டேன்.

சும்மா இருந்திருக்கலாமே என்று இருக்கிறது. ஏன் அந்தக் கடைக் கதவைத் திறந்தேன் என்று இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அதில் வழக்கம்போலக் கித்தார் ஓடுகிறது, தட்டு கீறுகிற சத்தம் இருக்கிறது. உன் அண்ணன் தட்டைப் போட்டுவிட்டு எதிரில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார், அதனால் கடைச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. பாடகர் நிறுத்துகிற இடத்தில் ஒரு பொம்பளை பாடுகிறாள். தட்டில் இருக்கிறவள் இல்லை. கடையில் இருக்கிறவள். வார்த்தை இல்லாமல் இழுக்கிறாள். கட்டைக் குரல், அந்தக் கோபக்காரக் கிழவிக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. நல்லாத்தான் பாடுகிறாள் பாவி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கூட ஒரு நிமிஷம் தலையை ஆட்டிவிட்டேன்.

அப்புறம் உன் அண்ணன் குரல். பக்கத்தில், மைக்குக்குப் பக்கத்தில். "அப்படித்தான். போடு கண்ணு. போடு."

கண்ணு! என்னை அந்த மனுஷர் கூப்பிட்டதெல்லாம் "இந்தாம்மா"தான். கல்யாணமான நாளிலிருந்து சாகிற அன்று காலை வரைக்கும் இந்தாம்மா. ஒருத்திக்குக் கண்ணு, ஒருத்திக்கு இந்தாம்மாவா?

அதற்கு மேல் கேட்கவில்லை. கேசட்டைப் பிடுங்கி எடுத்தேன். வீட்டில் சத்தம் கூடாது, சத்தம் கூடாது என்று இருந்தாரே, இதற்குத்தானா? இவள் சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்றா? செவிட்டுப் பொண்டாட்டி எவ்வளவு சௌகரியம்!

யார் அவள்? படம் வரைந்து வரைந்து சட்டம் போடக் கொண்டுவருவாளே, அந்த டிராயிங் டீச்சரா? உனக்குத் தெரியாமல் இருக்காது. அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சாவுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்துப் பேசவே நீ தயங்கினாயே, அது இதனால்தானா?

கேசட்டை உனக்கே அனுப்புகிறேன். உன் வீட்டுச் சொத்து. தட்டுகளையும் மற்றக் கேசட்டுகளையும் நாளைக்குப் பழைய சாமான்காரரிடம் போடப் போகிறேன், அன்றைக்கே போட்டிருக்க வேண்டியது. அவர் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். யார் என்று எழுது. எழுத மனமில்லை என்றால் இனிமேல் எதுவுமே எழுதாதே, இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்.

அண்ணி

*

ஜூலை 1

அன்புள்ள என் அண்ணிக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கடிதம் எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. அண்ணனா என்று நம்ப முடியவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்தச் சத்தம் புகாத அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டேன். அந்தப் பொம்பளை வாயைத் திறந்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அண்ணி, அது நீங்கள்.

கோபப்படாதீர்கள், கேளுங்கள். யாருக்குமே தன் குரல் வெளியிலிருந்து வந்தால் அடையாளம் தெரியாது. என்னிடம் வருகிறவர்களுக்குப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் "இது நான் இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். நம் குரலை நாம் எலும்பு வழியாகக் கேட்கிறோம், மற்றவர்கள் காற்று வழியாகக் கேட்கிறார்கள். உங்களுக்கு அது இன்னும் வேறுமாதிரி. தறி தின்ற காது. நீங்கள் வாய்க்குள் முணுமுணுப்பதாக நினைப்பது வெளியே தெருமுனை வரை போகும்.

நீங்கள் பாடுவீர்கள் அண்ணி. மில்லில் இருந்து வந்து துணி தேய்க்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அரிசி களையும்போது. தறிக்குப் பாடிய வாய் வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் அண்ணன் எங்களை உட்கார வைத்து, "யாரும் அவகிட்ட சொல்லக் கூடாது, சிரிக்கவும் கூடாது" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டார். அதுவே பழகிப்போனதில், உங்களுக்குத் தெரியாது என்பதே எனக்கு மறந்துவிட்டது. சாவு வீட்டில் உங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்கியதும் இதனால்தான். அன்று உங்கள் பாட்டு இல்லாமல் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அப்படி நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

வீட்டில் சத்தம் கூடாது என்று அண்ணனுக்குச் சொன்னது நான், இந்தக் கேசட்டைக் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் படிப்பில் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்து, "மில்லுலேர்ந்து வந்தா அவளுக்குக் காது இரையுதாம், என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். வீட்டிலாவது காதுக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். குக்கரை அணைத்தது, டிவியை ஊமையாக்கியது, தான் கேட்கிற பாட்டைக் கடைக்குள் சாத்திக்கொண்டது எல்லாம் அதற்குத்தான்.

நீங்கள் பாதியில் பிடுங்கிவிட்டீர்களே, அந்தக் கேசட்டின் மிச்சத்தை எழுதுகிறேன். எத்தனை தடவை போட்டுக் கேட்டு எழுதினேன் என்று கேட்காதீர்கள். 'போடு கண்ணு'வுக்குப் பிறகு ஒரு ஆள் கடைக்குள் வருகிறார்.

"என் படம் ரெடியாங்க? அட, யாரு பாடுறது? ரேடியோவா?"

"ரேடியோ இல்லீங்க. வீட்டுக்காரி. உள்ள துணி தேய்ச்சிக்கிட்டு இருக்கா."

"அடேங்கப்பா! இந்தத் தட்டுல பாடுறவங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவாங்க போலிருக்கே. சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"ஐயையோ, நீங்க வேற. மெதுவாப் பேசுங்க. அவ பாடுறது அவளுக்கே தெரியாது. சொன்னா நிறுத்திடுவா."

"அதுக்காக இப்படித் திருட்டுத்தனமாவா?"

"என்னங்க பண்றது. இந்தத் தட்டுல இருக்குற கூட்டத்துல பாருங்க, அவங்கவங்க பாடகருக்கு அவங்கவங்க ஓலே போடுறாங்க. நான் என் ஆளுக்கு இங்கேருந்து போட்டுக்கிறேன்."

கொஞ்ச நேரம் கித்தார், நீங்கள், கித்தார். பிறகு உள்ளேயிருந்து, "ஏங்க! சோறு ஆறுது! அந்தச் சட்டத்தையே எவ்வளவு நேரம் தேய்ச்சிக்கிட்டு இருப்பீங்க?"

"இதோ வந்துட்டேன், இந்தாம்மா."

அதோடு கேசட் முடிகிறது.

எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த ஓட்டல்காரர் விட்டுப்போன தட்டுகளில் ஒன்றை அண்ணன் சும்மா போட்டுப் பார்த்திருப்பார். உங்கள் குரல் மாதிரி ஒரு குரல் அதில் இருந்தது. கரகரப்பு, வார்த்தை இல்லாத இழுவை, எதிர்பாராத இடத்தில் விழுகிற அடி. உலகத்தில் எங்கேயோ இப்படிப் பாடுகிறவர்களை மேடையில் உட்கார வைத்துக் கை தட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எப்படி அவர் தட்டைத் தூக்கிப் போடுவார்?

பழைய சாமான்காரர் வந்துவிட்டாரா? வராமல் இருந்தால் எதையும் கொடுக்காதீர்கள். இந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன். முழுசாகக் கேளுங்கள். அண்ணன் போட்டோவைத் திருப்பி வையுங்கள், பாவம், சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வார்.

உங்கள் வாலு

*

ஜூலை 12

அன்பு வாலுவுக்கு,

உட்காரச் சொல்லியிருந்தாய். நல்ல வேளை உட்கார்ந்தேன்.

கேசட் வந்ததும் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். பாடுகிறது நான்தான் என்று இன்னமும் என் மனசு ஒப்பவில்லை. ஆனால் கடைசியில் "சோறு ஆறுது" என்று ஒரு கத்தல் இருக்கிறதே, அந்தச் சிடுசிடுப்பு என்னுடையதுதான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. அதை வைத்துத்தான் மற்றதையும் நம்பினேன்.

டியூஷன் சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தெருவுக்கே தெரியும்மா. உங்க வீட்டுக்காரர் எல்லார் வீட்டுக்கும் வந்து, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார்" என்றார். எதிர் வீட்டில், பால் கடையில், எல்லோருக்கும் தெரியும். நான் மானம் போகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், ஊரே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது! வெட்கத்தில் வாசலுக்குப் போகவே முடியவில்லை. போட்டோவைத் திருப்பி வைத்து, நின்றுகொண்டு அவரைத் திட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் முகத்துக்கு நேரே "கண்ணு" என்று சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். திட்டித் திட்டித்தான் அழுகை வந்தது. சாவு அன்று வராதது எல்லாம் சேர்ந்து வந்தது.

தட்டுகள் போய்விட்டன வாலு. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். ஓடினேன், முழங்காலைத் தூக்கிக்கொண்டு அவர் கிடங்கு வரை ஓடினேன். மொத்தமாக வாங்கிக்கொண்டு லாரி போய்விட்டதாம். பல்வலி மாமா, கோபக்காரக் கிழவி, கடன் கேட்க வந்தவர் எல்லோரும் போய்விட்டார்கள். உன்னிடம் இருக்கிற விறகு வெட்டியும், இந்த மகாராணியும்தான் மிச்சம். அந்த ஓட்டலுக்கும் போனேன். அட்டைகள் இன்னும் சுவரில் தொங்குகின்றன, உன் அண்ணன் போட்ட சட்டத்தோடு. வாயைப் பிளந்துகொண்டிருக்கிற அந்தக் கிழவருக்குக் கீழே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது அங்கே. ஏதோ அழகுக்கு மாட்டியது என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். எழுத வந்தது வேறு.

எனக்குப் பாட்டு நின்றுவிட்டது.

பாத்திரம் கழுவும்போது காத்திருக்கிறேன். துணி தேய்க்கும்போது காத்திருக்கிறேன். தொண்டை வரை ஏதோ வருகிற மாதிரி இருக்கும், உடனே "இதோ வருது பார்" என்று நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அது ஓடிவிடுகிறது. டியூஷன் சார் நேற்றுக் கேட்டார், உடம்புக்கு ஏதாவதா என்று. சொன்னா நிறுத்திடுவா என்றாரே, அந்த மனுஷருக்கு என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது! அதை நினைத்தால்தான் இப்போதும் திக்கென்று இருக்கிறது.

நீ சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே செத்திருப்பேன். உன்னையும் இழந்திருப்பேன். உன்னைப் பற்றி எழுதியதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே, அது அண்ணிக் கிறுக்கு.

வர்ற மாதம் அங்கே வருகிறேன். மெஷின் வைக்க இல்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் சத்தம் புகாத அறை இருக்கிறதே, பஞ்சுச் சுவர், தடிக் கண்ணாடி என்றாயே, அதில் என்னைத் தனியாக உட்கார வை. விறகு வெட்டியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்து. தறி ஷெட்டுக்கு அடுத்தபடி, யாருக்கும் கேட்காது என்று நான் நம்பக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

நீ வெளியே நின்றுகொள். கண்ணாடி வழியாக என் வாய் அசைவது தெரிந்தால் கை தட்டு, எனக்குக் கேட்காது. எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதே. வெளியே வந்ததும் சாப்பாடு ஆச்சா, மழை வருமா என்று எதையாவது பேசு. கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன் அண்ணி